நான்கு பித்தளை வளையங்கள்

மூன்றாவது முறையும் சவப்பெட்டி படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது.

“பின்னாடி வாங்க, பின்னாடி வாங்க. சுவத்துல இடிக்குது,” என்றார் கில்பின். அடக்கச் சடங்குகளை நடத்திவைப்பது அவருடைய தொழில். எந்த வீட்டிலும் குரலை உயர்த்தாதவர் இப்போது உயர்த்தியிருந்தார். அவருடைய ஆட்கள் நான்கு பேரும் பெட்டியோடு ஒரு படி இறங்கினார்கள். மேலே, திருப்பத்தின் மறுபக்கம் நின்றிருந்த ரோடா, அப்பாவின் பெட்டி தன்னைவிட்டு விலகிப்போவதைப் பார்த்தாள்.

அப்படியொன்றும் மோசமான படிக்கட்டு இல்லை. நேராக ஏறுகிறது. உச்சியில் ஒரு சின்ன மேசையளவு இடம். அங்கே வலப்பக்கம் திரும்பினால் தெருவைப் பார்த்த முன்னறையின் கதவு. நாற்காலி திரும்பும். மெத்தை மடங்கித் திரும்பும். அலமாரியை நிமிர்த்தினால் அதுவும் திரும்பிவிடும். ஆறடிக்கு மேல் நீளமாக, மடக்கவும் முடியாமல் நிமிர்த்தவும் கூடாமல் இருக்கிற ஒன்று மட்டும்தான் திரும்பாது.

“நிமிர்த்தினா போயிரும், மிஸ்ஸஸ் பொலக்,” என்றார் கில்பின், கீழே கூடத்தில் நின்ற ரோடாவின் அம்மாவைப் பார்த்து. “ஆனா உள்ள இருக்கிறவர்...”

“நிமிர்த்தக் கூடாது,” என்றாள் ஐனா. “அவர் என்ன ஆளுயரக் கடிகாரமா, நிக்க வச்சுக் கொண்டுபோக?”

அடுத்த வீட்டு ஹியூயி மகார்ட் வாசல்நிலையில் சாய்ந்து சிரித்தார். கப்பல் கட்டும் தளத்தில் கயிறும் கப்பியும் வைத்துப் பெரும் பாரங்களைத் தூக்கியே காலம் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். “மணி அடிக்காம இருந்தா சரி,” என்றார். “உயிரோட இருந்தப்பவே மணிக்கு ஒருதரம் ஒரு கப்பல் கதை அடிச்ச ஆளு.”

“நீ வாயை மூடு, ஹியூயி.”

“மூடிட்டேன்.”

பெட்டியைக் கீழே கொண்டுபோய் வரவேற்பறையில் இரண்டு தாங்கிகளின் மேல் வைத்தார்கள். “எல்லாரையும் இங்கதான் வைப்பாங்க,” என்றார் கில்பின் ஆறுதலாக. “நாளைக்குக் காலையில அடக்கம். ஒரு ராத்திரிதானே?”

அந்த ஒரு இரவுதான் பிரச்சினை. ஆஸ்பத்திரியில் வில்ஃபிரட் பொலக் மகளிடம் கேட்டது அதை மட்டும்தான். “வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி கேபின்ல படுத்துட்டுப் போறேன், ரோடா. அவ்வளவுதான்.” ரோடா சரி என்றாள். பிறகுதான் படிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. “எப்படிப்பா மேல கொண்டுபோறது?” என்று கேட்டாள். அவர் ஆக்ஸிஜன் குழாய்க்கு இடையே சிரித்தார். “பாலிஷ் போட்டவ நீதானே? உனக்குத் தெரியும்,” என்றார். அவள் தெரிந்ததுபோலத் தலையாட்டினாள். அப்போது தாதி வந்தாள், சாப்பாடு வந்தது, அவர் தூங்கிப்போனார். கேட்காமல் விட்டது விட்டதுதான்.

ரோடா முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவைச் சாத்தியதும் அது பெல்ஃபாஸ்ட் வரிசை வீட்டின் படுக்கையறை இல்லை. கில்ரூனா கப்பலின் முதல் வகுப்பு அறை. நான்கு சுவர்களுக்கும் வால்நட் மரப்பலகை. ஒரு பக்கம் உயரமான விளிம்பு வைத்த கட்டில். எதிரே, மடக்கினால் சுவருக்குள் போய்விடும் கைகழுவும் தொட்டி. தெருப்பக்கச் சுவரில், பித்தளை விளிம்பு போட்ட வட்டச் சன்னல். அதன் பின்னால் வீட்டின் நிஜச் சன்னல் இருப்பதால் பகலில் வெளிச்சம் வரும், வட்டமாகத்தான் வரும். கில்ரூனாவை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வில்ஃபிரட் கடல் தாண்டி, உடைக்கும் முற்றத்துக்கே போய், விறகாகப் போகவிருந்த இந்த அறையைப் பலகை பலகையாக வாங்கி வந்தார். அவர் பள்ளியில் மரவேலை ஆசிரியர். ஐனா பேங்கரில் தங்கை வீட்டுக்குப் போன ஒரு வார இறுதியில், டாமி ரே என்ற தச்சரை உதவிக்கு வைத்துக்கொண்டு, அறையை வீட்டுக்குள் திரும்பப் பொருத்திவிட்டார். ஐனா திரும்பி வந்தபோது அவளுடைய படுக்கையறை அட்லாண்டிக்கில் இருந்தது.

மற்றதெல்லாம் போன வருஷமே ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது. அவர் எடுத்த படங்கள், சமையலறைகளில் உட்கார்ந்து பதிவு செய்த ரிவெட் ஆணி அடிப்பவர்கள், தச்சர்கள், பணியாளர்கள் ஆகியோரின் குரல்கள், உணவுப் பட்டியல்கள், மனிதர்கள் குப்பையில் போட்டுவிடும் பயணப்பெட்டி அட்டைகள், அவர் கையால் வரைந்த தளப்படங்கள். இந்த அறை மட்டும் போகவில்லை. அருங்காட்சியகத்திலிருந்து வந்த இருவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, மூன்றாக அறுத்தால்தான் வெளியே எடுக்க முடியும் என்றார்கள். வில்ஃபிரட்டுக்கு ஒரே குஷி. “அறுக்காம எடுக்கிற வழியைக் கண்டுபிடிச்சா எடுத்துட்டுப் போங்க,” என்றார். வழியைச் சொல்லவில்லை. டாமி ரேயும் எப்போதோ செத்துப்போய்விட்டார்.

ரோடா கட்டிலில் படுத்தாள். தலைக்கும் காலுக்கும் அப்பால் இடம் மிஞ்சியது. எழுந்து, மெத்தையைத் தூக்கி அடியில் பார்த்தாள். இரும்புச் சட்டம். மூலைகளில் திருகு இல்லை, ரிவெட். கப்பல்காரர்கள் ரிவெட் அடித்தால் அடித்ததுதான், கழற்றுவதற்கு இல்லை. ஆக, இந்தச் சட்டம் முழுசாகத்தான் இந்த அறைக்குள் வந்திருக்கிறது. சவப்பெட்டியைவிட இது நீளம்.

சவப்பெட்டி திரும்பாத படிக்கட்டில் இது எப்படித் திரும்பியது?

அவள் கீழே ஓடினாள். வரவேற்பறையும் சமையலறையும் நிரம்பத் தொடங்கியிருந்தன. முட்டை சாண்ட்விச், ஹாம் சாண்ட்விச், வெண்ணெய் தடவிய சோடா ரொட்டி, யார் யாரோ கொண்டுவந்த கேக் தட்டுகள். பெரிய தேநீர்ப் பானையைச் சர்ச்சிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றி நின்று நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் வில்ஃபிரட் ஒருநாள் வந்து உட்கார்ந்து, அவரவர் அப்பா எந்தக் கப்பலில் எந்த ஆணியை அடித்தார் என்று சொல்லியிருந்தார்.

“எங்கப்பன் கில்ரூனால வெறும் டாய்லெட் கதவுதான் மாட்டினான்,” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். “அதைச் சொல்லவே வெக்கப்படுவான். வில்ஃபி வந்து ஒரு மணி நேரம் அந்தக் கதவைப் பத்திக் கேட்டாரு. ‘கப்பல் ஆடுறப்போ தானாத் தொறக்காம இருக்க என்ன பண்ணீங்க?’ன்னு. அதுக்கு ஒரு தாழ்ப்பாள் இருக்காம். எங்கப்பன் படம் போட்டுக் காட்டினான். அன்னைக்கு அவன் நடந்த நடையைப் பாக்கணுமே, கப்பலையே தனியாக் கட்டினவன் மாதிரி.”

ரோடா அம்மாவைச் சமையலறையில் பிடித்தாள். “அம்மா, நீ பேங்கர்லேருந்து வந்தப்போ வீட்டுல வேற ஏதாவது மாறியிருந்துச்சா?”

“பெட்ரூம் கப்பலாயிருந்துச்சு. அது போதாதா?”

“வேற?”

ஐனா கோப்பையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். “என் ஜெரேனியம். முன்சன்னலுக்குக் கீழ இருந்த பாத்தி முழுக்க நசுங்கிக் கிடந்துச்சு. இவனோட நாய்தான்.” ஹியூயியைக் கைதுணியால் சுட்டினாள். “அந்த நாயை நான் மன்னிக்கவே இல்ல.”

ஹியூயி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். “ஐனா, என் நாய் அந்த வாரம் முழுக்க என்கூட போர்ட்ரஷ்ல இருந்துச்சு. எத்தனை தடவை சொன்னேன்!”

“அப்ப யாரு?”

“வில்ஃபிதான் ‘நாய் வந்துச்சு’ன்னாரு. நீ அவர் பேச்சை நம்பினே. பாவம், அது சாகுறவரைக்கும் உங்க வாசலைத் தாண்டுறப்போ தலையைக் குனிஞ்சுதான் போகும்.”

“ஏணி,” என்றாள் ரோடா. “பாத்தியில ஏணியை ஊனியிருக்காங்க. கட்டில் படி வழியா வரவே இல்ல. சன்னல் வழியா வந்திருக்கு.”

ஐனா பின்பக்கம் கைநீட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். “அந்த நாய்க்கு நான் ஒரு எலும்புகூடப் போட்டதில்லையே,” என்றாள். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து ரோடா குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹியூயி கடப்பாரையோடு மேலே வந்தார். பின்னால் கில்பினும் வந்தார். சன்னலுக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு அகலமான பலகை, வட்டச் சன்னல் பதித்தது. ஹியூயி விளிம்பில் விரலை ஓட்டினார். “இடுக்கே இல்ல. டாமி வேலை அப்படித்தான். கீழ்மூலையில லேசா நெம்பினா, கொஞ்சம் பிளந்துதான் வரும். பரவாயில்லையா, பொண்ணே?”

“பரவாயில்லைன்னா?”

“ஒரு பலகைதான் போகும்.”

“அந்த ஒரு பலகையை விறகுக் குவியல்லேருந்து எடுக்கத்தான் அப்பா மூணு தடவை படகேறிப் போனார், அங்கிள்.”

“அப்ப கீழயே இருக்கட்டும்,” என்றார் கில்பின் மெல்ல. “அவர் கோவிச்சுக்க மாட்டார்.”

கோவித்துக்கொள்ள மாட்டார் என்று ரோடாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் பலகையை விட்டு நகரவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்க,” என்றாள்.

ஹியூயி கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அப்போதுதான் கதவருகே ஒரு பெண்மணி தயங்கி நிற்பது தெரிந்தது. மழைக்கோட்டு, கையில் தோல்பை.

“கீழ இருக்கிற அம்மா மேல போய்ப் பாக்கச் சொன்னாங்க. என் பேரு பிரிஜெட் டோஹர்ட்டி. டோனிகல்லேருந்து பஸ்ல வந்தேன். மிஸ்டர் பொலக்கை நான் நேர்ல பாத்ததே இல்ல.” பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். வில்ஃபிரட்டின் கோடுகள். ஒரு கப்பலின் தளம், நடைபாதை, குட்டிக் குட்டி அறைகள், ஒன்றில் மேல்தட்டுப் படுக்கையின் மேல் பென்சிலால் ஒரு சிலுவைக்குறி. “எங்கம்மா பத்தொம்பது வயசுல அமெரிக்கா போனாங்க. மூணாம் வகுப்பு. திரும்பி வந்தப்புறமும் அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க. அவங்க காலமானப்புறம் இவருக்கு எழுதினேன். கப்பல் பேரும் டிக்கெட் நம்பரும்தான் என்கிட்ட இருந்துச்சு. அவங்க படுத்த இடத்தைக் குறிச்சு அனுப்பினார்.”

“அப்பா இப்படி நிறையப் பேருக்கு அனுப்புவார்,” என்றாள் ரோடா.

“ஓரத்துல இன்னொண்ணு எழுதியிருந்தார், பாருங்க. கப்பல் மேற்கே போறப்போ இடப்பக்கம் தெக்கு. அம்மா படுக்கை இடப்பக்கம். வானம் தெளிஞ்சிருந்தா பகல் முழுக்க வெயில் உள்ள வந்திருக்கும்னு.” அவள் தாளை அதே மடிப்பில் மடித்தாள். “அழுதுகிட்டே இருட்டுல போயிருப்பாங்கன்னுதான் நான் எப்பவும் நினைச்சிருந்தேன்.”

ஹியூயி சன்னலைப் பார்த்தார். பிரிஜெட்டும் பார்த்தாள். “இதெல்லாம் என்னமா மின்னுது!” என்றாள். “யார் துலக்குறது?”

“நான்தான். சின்ன வயசுலேருந்து. சனிக்கிழமை ஆனா துணியும் பாலிஷும் என் கையில. சன்னல் விளிம்பு, தொட்டிக் குழாய், அப்புறம் இந்த வளையம் நாலும்.”

பலகையின் நான்கு மூலைகளிலும் பொத்தான் அளவில் நான்கு பித்தளை வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகின் தலை. அழகுக்கு வைத்தது என்றே ரோடா நினைத்திருந்தாள். “இந்த நாலும்தான் பெரிய தொல்லை. வளையத்தைத் துலக்கினா போதாது. திருகுத் தலையில இருக்கிற பள்ளத்துல பாலிஷ் காஞ்சு அடைச்சுக்கும். அப்பா தீக்குச்சியோட வந்து நிப்பார். ‘பள்ளத்தைச் சுரண்டு, பள்ளத்தைச் சுரண்டு...’”

அவள் நிறுத்தினாள்.

அழகுக்கு வைத்த பொருளில் பள்ளம் அடைத்தால் என்ன?

பலகைக்குக் கிட்டே போனாள். பக்கத்துப் பலகையைத் தடவினாள். அங்கேயும் திருகுகள் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றின் தலைமேல் வட்டமாக மரத்தக்கை அடித்து, இழைத்து, மெருகு போட்டு மூடியிருந்தது, விரல்நுனிக்குத்தான் தெரிந்தது. அதற்கடுத்த பலகையிலும் மரத்தக்கை. கதவோரத்திலும். அறை முழுக்க. இந்த ஒரு பலகையில் மட்டும்தான் திருகுகள் மூடாமல் வெளியே தெரிந்தன, ஒவ்வொன்றும் பித்தளை வளையத்துக்குள்.

ரோடா பல் ஆய்வகத்தில் பல்செட் செய்கிறவள். நிரந்தரமாக ஒட்டுகிற பல்லையும் கழற்றி மாட்டுகிற பல்லையும் ஒரே மாதிரி செய்ய மாட்டார்கள். ஒட்டுகிற பல்லில் இடுக்கே தெரியக்கூடாது. கழற்றுகிற பல்லுக்கு உலோகக் கொக்கி வேண்டும். தினம் கழற்றி மாட்டும்போது தேய்கிறதை உலோகம் தேயட்டும், பக்கத்துப் பல் தேயக் கூடாது என்றுதான் கொக்கி. மரமும் அப்படித்தான். திருகை ஒருமுறை முடுக்கி மூடுவதானால் மரம் போதும். திரும்பத் திரும்பக் கழற்றுவதானால் திருகின் தலை மரத்தைத் தின்றுவிடும். அதைத் தாங்க ஒரு வளையம் வேண்டும். கப்பலில் சுவருக்குப் பின்னால் குழாய் ஓடும், மின்கம்பி ஓடும். பழுது பார்க்க ஆள் வருவான். அவன் எங்கே திறப்பது என்று தேடக்கூடாது.

“அங்கிள், கடப்பாரை வேண்டாம்,” என்றாள். “ஸ்க்ரூ டிரைவர்.”

திருகுகள் நான்கும் வெண்ணெயில் இறங்கியதுபோல வந்தன. பள்ளத்தில் ஒரு துளி அழுக்கு இல்லை. ஹியூயி பலகையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கில்பினும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து இழுத்தார். அசையவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் கிழவி வாயிலேருந்து பல்செட்டைப் பிடுங்குற மாதிரி இழுக்கிறீங்க,” என்றாள் ரோடா. அவளுக்கு இப்போது சிரிப்பு வந்துகொண்டிருந்தது. “நேரா இழுத்தா எதுவும் வராது. ஏறுன பாதையிலதான் இறங்கும். நகருங்க.”

பலகையின் இருபக்கமும் உள்ளங்கையை வைத்து, இழுக்காமல் மேலே தூக்கினாள். ஒரு கட்டை விரல் அளவு அது மேலே போயிற்று, கூரையோரத்துச் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்வதுபோல. கீழ்விளிம்பு தன் காடிப் பள்ளத்திலிருந்து விடுபட்டு, அவள் பக்கமாகத் தானே ஆடி வந்தது.

அறைக்குள் வெளிச்சம் சதுரமாக விழுந்தது.

பழுத்துப்போன லேஸ் திரை, அதன் பின்னால் சன்னல், அதன் பின்னால் தெரு, வீட்டுக் கூரைகளுக்கு அப்பால் கப்பல் தளத்தின் இரண்டு மஞ்சள் கிரேன்கள். வால்நட் பலகைகள் தேன் நிறத்தில் எரிந்தன. மாடிக்கு வந்துவிட்டிருந்த ஐனா வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“கர்த்தாவே,” என்றாள். “எவ்வளவு தூசி!”

அதற்குப் பிறகு தெருவே வேலையில் இறங்கிவிட்டது. சன்னலின் கண்ணாடிச் சட்டங்கள் இரண்டையும் ஹியூயி கழற்றினார். வீட்டுக்கு வர்ணம் அடிப்பவர் ஒருவரிடம் இரண்டு நீள ஏணிகள் இருந்தன. செங்குத்தாக வைத்தால் பெட்டி சரிந்துவிடும். அதனால் எதிர்வீட்டு நடைபாதையிலிருந்து தெருவுக்குக் குறுக்கே சாய்த்து, சன்னல் விளிம்பில் ஏணிகளின் தலையை வைத்தார்கள். நடுவில் வளையாமலிருக்கக் குழாய் வேலைக்காரரின் வேனை அடியில் ஓட்டி நிறுத்தி, கூரைமேல் பலகை அடுக்கினார்கள். ஏணிகளின் மேல் நீளப் பலகைகளைக் கட்டினார்கள். கொஞ்சம் விலகி நின்று பார்த்த ஹியூயி, “பாரு, கப்பல் இறக்குற சரிவு மாதிரியே இருக்கு,” என்றார். “கொழுப்பு தடவணும்.”

“என்ன கொழுப்பு?”

“தளத்துல மாட்டுக் கொழுப்பும் மென்சோப்பும். இங்க என்ன இருக்கு, ஐனா?”

“பாத்திரம் தேய்க்கிற சோப்பு.”

“எலுமிச்சை வாசனையா?”

“ஆமா.”

“வில்ஃபி மணக்க மணக்கப் போகட்டும்.”

கில்பின் மட்டும் நடைபாதையில் நின்று கைகளைப் பிசைந்தார். “மிஸ்ஸஸ் பொலக், என் தொழில்ல இப்படி ஒண்ணு...”

“நீங்க கயிறு பிடிக்கிறீங்களா, ஓரமா நிக்கிறீங்களா, மிஸ்டர் கில்பின்?”

அவர் கயிறு பிடித்தார். அறையிலிருந்து நால்வர் இழுக்க, கீழிருந்து அறுவர் தள்ள, ஹியூயி வேன் கூரைமேல் நின்று “மெள்ள... மெள்ள... நிறுத்து... இப்போ” என்று அதட்ட, பெட்டி தலைப்பக்கம் முன்னாக எலுமிச்சை மணத்தோடு சரிவில் ஏறிச் சன்னலுக்குள் நுழைந்தது. கட்டிலின் உயர்ந்த விளிம்புக்குள் அது அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும் இடம். கில்பின் மூடியை எடுத்தார். சாயங்கால வெளிச்சம் வில்ஃபிரட்டின் முகத்தில் படிந்தது. உதட்டோரத்தில், ஆஸ்பத்திரியில் பார்த்த அதே சிரிப்பு மிச்சமிருந்ததாக ரோடாவுக்குத் தோன்றியது. கில்பினின் கைத்திறமையாகவும் இருக்கலாம்.

அன்று வந்தவர்கள் எல்லாம் வரிசையில் மாடி ஏறினார்கள். ஒவ்வொருவரும் முதலில் அவரைப் பார்த்தார்கள், அடுத்து சுவரைத் தொட்டார்கள், அப்புறம் தங்கள் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். டாய்லெட் கதவு மாட்டியவரின் மகன், கைகழுவும் தொட்டியை மூன்று தடவை மடக்கி விரித்துப் பார்த்தார். பிரிஜெட் டோஹர்ட்டி கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு ஹியூயி வீட்டில் தங்கினாள்.

காலையில் போதகர் ஜெபம் சொன்னார். மூடியை முடுக்கினார்கள். கால்பக்கம் முன்னாகப் பெட்டியைச் சன்னல் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“கப்பலும் பின்பக்கமாத்தான் தண்ணியில இறங்கும்,” என்று தெருவிலிருந்து கத்தினார் ஹியூயி. “இறக்குறப்போ யாராவது அதுமேல ஒரு பாட்டிலை உடைக்கணும், ஐனா!”

“இந்த வீட்டுல பாட்டில் ஏது?” ஐனா சன்னலருகே நின்றாள். கையில், குடிக்க மறந்து ஆறிப்போன தேநீர்க் கோப்பை. அதைப் பார்த்தாள். பெட்டியின் விளிம்பில் ஒரு வாய் ஊற்றினாள். “கிளம்பு வில்ஃபி,” என்றாள். “நேரமாச்சு.”

கயிற்றை விட்டுக்கொடுத்தார்கள். பெட்டி சரிவில் இறங்கியது, முதலில் தயங்கி, பிறகு வழுக்கி. கீழே கூடியிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றுவதா கைதட்டுவதா என்று தெரியாமல் விழித்தார்கள். யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவ்வளவுதான், தெரு முழுக்கக் கத்தினார்கள், கப்பல் தண்ணீரைத் தொடும்போது கத்துவார்களே அப்படி. பிறகு நால்வர் நால்வராகத் தோள் மாற்றி, முதன்மைச் சாலை முனைவரைக்கும் தூக்கிப் போனார்கள். முதல் நால்வரில் ரோடாவும் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் கில்பின். அது அவர் வேலையில் சேர்ந்ததில்லை.

மாலையில் வீடு காலியானது. ஹியூயி கண்ணாடிச் சட்டங்களைத் திரும்ப மாட்டிவிட்டு, ஜெரேனியம் பாத்தியில் நாய்க்காக ஒரு ஹாம் துண்டை வைத்துவிட்டுப் போனார். எந்த நாய்க்கு என்று யாரும் கேட்கவில்லை.

ரோடா பலகையை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். ஐனா பின்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுடைய ஏப்ரன் பைக்குள் திருகுகள் நான்கும் கிணுகிணுத்தன.

“நாளைக்கு அருங்காட்சியகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்மா. அறுக்க வேண்டாம், முழுசா எடுக்கலாம்னு.”

“சொல்லு. ஆனா இப்ப வேண்டாம்னும் சொல்லு.”

“ஏன்?”

“என் முறை முடியட்டும். நானும் படி வழியா இறங்கப் போறதில்ல.” ஐனா ஒரு திருகை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். “எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடு. நீ ஒருத்தி மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, உங்கப்பன் மாதிரி சிரிச்சுக்கிட்டே போயிடாத.”

ரோடா பலகையைத் தூக்கினாள். “மேல இருக்கிற காடி ஆழம். கீழ இருக்கிறது ஆழமில்ல. அதனால மேல்விளிம்பை முதல்ல உள்ள விட்டு, முழுசா மேல ஏத்தணும். அப்புறம் கீழ்விளிம்பைச் சன்னல் பக்கம் தள்ளி, அதோட காடியில இறக்கி விடணும். தானா உக்காந்துக்கும். இப்போ ஸ்க்ரூ.” அம்மாவிடம் வாங்கி நான்கையும் முடுக்கினாள். “கெட்டியா முடுக்கக் கூடாது. நின்னா போதும். எடுக்கறப்போ இதையே திருப்பி. நாலு ஸ்க்ரூ, மேல தூக்கு, கீழ்ப்பக்கத்தை உன்கிட்ட இழு.”

சுவரில் மறுபடியும் வட்டமாக வெளிச்சம். ஐனா எழுந்து கிட்டே போனாள். நேற்று எத்தனையோ கைகள் பட்டதில் மேல்மூலைத் திருகின் பள்ளத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அதைச் சுரண்டத் தொடங்கினாள்.

“நாலு ஸ்க்ரூ,” என்றாள். “மேல தூக்கு. கீழ்ப்பக்கத்தை இழு.”